எந்தக் கயிறு, கிறிஸ்ரி?

என்னுடைய சாரத்தையும் என்னுடைய நீலச் சட்டையையும் போட்டுக்கொண்டு இன்னொரு ஆள் வான் வண்டியில் இருந்து இறங்கினான்.

அதே சாரம். அதே நீலம். இடது பக்கப் பை கிழிந்திருந்தால் நல்லாயிருக்கும் என்று நானே கத்தரிக்கோல் போட்டேனே, அந்தக் கிழிசல்கூட அச்சு அசலாக இருந்தது. ஒரு மாதமாக அந்த உடுப்புக்குள் நின்று, எங்கள் மாம்புரிக் கடற்கரையில் வெயிலில் வெந்து, அழுது, சிரித்து நடித்தது நான். இன்றைக்குக் கடைசி ஷொட். அதற்கு என் உடுப்பில் நிலுக்சன் வந்திருக்கிறான்!

நிலுக்சன் யார் என்று கேட்டால் எங்கள் ஊரில் அடிதான் விழும். கொழும்பு டெலிநாடகத்தில் கதாநாயகன். ஆள் இறங்கின உடனே கடற்கரையில் நின்ற பெட்டையள் போட்ட சத்தத்தில் காகங்கள் எழும்பிப் பறந்தன.

"கிறிஸ்ரி, கோபப்படாத. எனக்கே இப்பத்தான் தெரியும்." டைரக்டர் அஸ்கா அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் ஒலிபெருக்கி, காலில் ஒரு செருப்பு. மற்றது மணலில் எங்கேயோ.

"என்ன நடக்குது அக்கா?"

"ஹாஜியார் சொல்லுவார். நான் சொன்னா அழுதிருவேன்."

செய்னுலாப்தீன் ஹாஜியார்தான் படத்தின் தயாரிப்பாளர். புத்தளத்தில் லொறி, உப்பு என்று பெரிய வியாபாரம். சினிமா என்றால் உயிர். இதுதான் முதல் படம். குடைக்குக் கீழே கதிரையில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார். எழும்பினால் கெட்ட செய்தி என்று யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"புள்ள, ஒன்ட நடிப்புல ஒரு கொறையும் இல்ல. நீ அழுத சீன்ல நானும் அழுதேன், கேட்டுப் பாரு. ஆனா கொழும்புல படம் வாங்கிறவன் காலையில இருந்து போன் கோலுக்கு மேல கோல். போஸ்டர்ல நிக்கிறது ஹீரோவா ஹீரோயினா? ஒண்டு சொல்லு, இல்லாட்டி தியேட்டர் இல்லங்கிறான். நான் என்ன சொல்ல?"

"கிறிஸ்ரி எண்டு சொல்லுங்கோ."

"சொன்னேனே! அது பேரு, ஆள் ஆரு எண்டு கேக்கிறான்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பழகின கேள்வி. நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். கேட்கிறவர்களுக்குத்தான் ஒரு கிழமை வேண்டும். பதினேழு வயதில் பள்ளிவாசல்துறையில் ஒரு படகின் முன் அணியத்தில் ஏறி நின்று, மொபைலில் ஒரு நிமிசத்துக்கு நடித்துப் போட்டேன். அது எங்கெங்கோ ஓடி, கொழும்பில் இருந்து டெலிநாடகத்துக்கு அழைப்பு வந்தது. என்ன வேடம்? கதாநாயகனைக் கண்டால் இடுப்பை ஆட்டுகிற சமையல்காரன். மூன்றாம் நாள் நான் இடுப்பை ஆட்டாமல் நடித்தேன். நாலாம் நாள் என்னை ஏற்ற வான் வரவில்லை. பிறகு ஒரு பாட்டு வீடியோவில் மணப்பெண்ணின் தோழி. ஒரு விளம்பரத்தில் பாண் கடிக்கிற தம்பி. ரெண்டுக்கும் கைதட்டல்தான். ரெண்டு இடத்திலும் உடுப்பு மாற்ற எந்த அறைக்குப் போகிறது என்று தெரியாமல் வாசலில் நின்றதும் நான்தான்.

அஸ்கா அக்கா எடுத்த நடிகர் தேர்வுக்கு நான் போன அன்று, திரைக்கதையில் கதாநாயகன் 'மகன்' என்று இருந்தது. சண்டைக் காலத்தில் தொலைந்துபோன மகன், சண்டை முடிந்து வருசக்கணக்கில் கழித்துக் கடலோரக் கிராமத்துக்குத் திரும்பி வருகிறான். நான் நடித்து முடித்ததும் அக்கா பேனையை எடுத்து 'மகன்' என்பதை வெட்டி 'பிள்ளை' என்று எழுதினார். அவ்வளவுதான். படப்பிடிப்பில் எனக்கென்று ஒரு தகரக் கொட்டில், கதவில் என் பெயர். முதல் நாள் அதற்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா குதித்தேன்.

அந்தப் பிள்ளையை ஊர் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பதைச் சொல்லுகிற இடம்தான் இன்றைய ஷொட். பிள்ளை ஊரோடு சேர்ந்து, கரையில் நின்றபடி கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கிறது. படம் முடிகிறது.

"அதனால இப்ப என்ன செய்யோணும்?" என்றேன்.

"லேசு. வலைக்கு ரெண்டு கயிறு, ஆம்புளயளுக்கு ஒண்டு, பொம்புளயளுக்கு ஒண்டு. ஒண்டப் புடி. எதையாச்சும் புடி, எனக்குப் பரவால்ல. புடிச்சா ஆள் ஆரு எண்டு வெளங்கிரும். புடிக்காட்டி..." ஹாஜியார் நிலுக்சனைக் காட்டினார். "இந்தத் தம்பி ஆம்புளயள்ட கயித்தப் புடிப்பான். பின்னால இருந்து எடுப்பம். முகம் தெரியாது. போஸ்டரும் அதுதான்."

அப்படியென்றால் நான் ஒரு மாதம் சுமந்த பிள்ளை கடைசியில் நிலுக்சனின் முதுகாக முடியப் போகிறது. 

இன்றைக்கு எடுக்காவிட்டால் இல்லை. கடலைக் குழப்புகிற சோளகக் காற்று தொடங்கிவிட்டது. இந்தப் பருவத்தின் கடைசி இழுவை இது. இனி ஐப்பசிக்குத்தான் வலை கடலைக் காணும். அதிலும் கடைசி இழுவைக்குக் கோயில் பாடு என்று பெயர். வருகிற மீன் முழுக்கக் கோயில் திருநாளுக்கு. மற்ற நாளில் கயிறு சுற்றுகிற டிராக்டர் இன்றைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. கையால்தான் இழுக்க வேண்டும். மற்ற நாளில் ஆண்கள் மட்டும். இன்றைக்கு முழு ஊரும். வடக்குக் கயிறு ஆண்களுக்கு, தெற்குக் கயிறு பெண்களுக்கு. எந்தப் பக்கத்து வலை கரைக்குக் கடைசியாக வருகிறதோ, அந்தப் பக்கம் திருநாள் சோறு சமைத்து மற்றப் பக்கத்துக்குப் பரிமாற வேண்டும். போன வருசம் பெண்கள் தோற்றார்கள். தெற்குக் கயிற்றின் தலையில் நிற்கிற மெரினா அக்கா அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டுக் கரைக்கு வந்து, மற்றக் கயிற்றின் முனையை எறிந்தது. அவ்வளவுதான், கரை வெடித்தது.

"பிள்ளை! இங்க வா! எங்களுக்கு ஒரு கை குறையுது!" இது என் அம்மா டொறத்தி. தெற்குக் கயிற்றில், சீத்தைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு.

"மச்சான், அங்க போகாத! இங்க வா! போன வருசம் அவையள் காய்ச்சின சோத்தில கல்லு!" இது வடக்கில் இருந்து யாரோ.

"கல்லுச் சோத்தை மூண்டு கோப்பை திண்டது ஆரடா?" என்றார் மெரினா அக்கா. "கிறிஸ்ரி, வா இங்க. வந்தால் உனக்கு ஒரு கரண்டியும் கழுவத் தேவையில்ல!"

இரண்டு பக்கமும் என்னைக் கூப்பிட்டார்கள். உண்மையாகவே கூப்பிட்டார்கள். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் கால் நகரவில்லை.

வலைக்குச் சொந்தக்காரர் அருளப்பு மாமா, அம்மாவின் அண்ணன். அவர் என் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்: "நான் உன்னை ஒண்டும் கேக்கேல்ல. எந்தக் கயிறு எண்டு நீயே முடிவெடு. ஆனா இண்டைக்குப் பிடிச்சால் இனி எண்டைக்கும் அந்தக் கயிறுதான். வருசத்துக்கு ஒண்டு மாத்தேலாது. ஊர் சண்டைக்கு வந்திரும்."

"மாமா, ரெண்டும் வேண்டாம் எண்டால்?"

அவர் காதைச் சொறிந்தார். "அப்பிடி ஒருத்தரும் இதுவரைக்கும் கேக்கேல்லயே," என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக்குப் போய்விட்டார்.

"ரோலிங்!" அஸ்கா அக்காவின் குரல். கெமராக்காரன் ரிப்கான் ட்ரோனை ஏற்றினான். அது எங்கள் தலைக்கு மேலே குளவிபோல ஒலித்தது. நிலுக்சன் என்னைக் கடந்து வடக்குக் கயிற்றுக்குப் போனான். போகிறபோது நின்றான்.

"சொறி, கிறிஸ்ரி. எனக்கும் இது வேலைதான். நீ பிடிக்கிறன் எண்டால் நான் இப்பவே வானுக்குப் போயிருவன். சத்தியமா."

நல்லவன்தான். கெட்டவனாக இருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

இழுவை தொடங்கியது. ஏலேலோ என்று வடக்கு கத்த, அதைவிடப் பெரிதாகத் தெற்கு கத்தியது. நிலுக்சன் கயிற்றைத் தொட்டதும் கயிறு அவனை இழுத்துக்கொண்டு போனது. முழங்காலில் விழுந்து எழும்பினான். ஹாஜியார் கையைத் தலையில் வைத்தார். "புள்ள! இன்னும் நேரம் ஈக்கிது! ஓடு! புடி!"

நான் யோசித்தேன். ஒரு கயிறு. ஒரே ஒரு தடவை. பிடித்தால் படம் என்னுடையது. போஸ்டர் என்னுடையது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு டைரக்டரும் அந்தப் போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்கு வேடம் தருவார். அது கொஞ்சம் பொய். ஆனால் எல்லாரும் பொய் சொல்லித்தானே நடிக்கிறார்கள்?

வடக்குப் பக்கம் ஒரு அடி வைத்தேன். இரண்டாவது அடியும் வைத்தேன்.

அப்போதுதான் அன்ரனைக் கண்டேன்.

அன்ரன் அருளப்பு மாமாவின் மகன். அவன் வடக்குக் கயிற்றில், ட்ரோன் தெளிவாகப் பார்க்கிற இடத்தில், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தான். அன்ரன் அங்கே நிற்கக் கூடாது! அன்ரன் கடலுக்குள் நிற்க வேண்டும்!

கரைவலையின் நடுவில் மீன் சேருகிற பை இருக்கிறது. அதற்கு மடி என்று பெயர். ஒருவர் அந்த மடியோடு நீந்தி வர வேண்டும். வலை ஒரு பக்கம் சரிந்தால் அவர்தான் கத்துவார்: இந்தப் பக்கம் பொறு, அந்தப் பக்கம் இழு. கரையில் நிற்கிறவர்களுக்குக் கடலுக்குள் நடப்பது தெரியாது. இந்தப் பருவம் முழுக்க அது அன்ரனின் வேலை. மடியோடு நீந்தினால் கெமராவில் தலை மட்டும் ஒரு தேங்காய்போலத் தெரியும் என்று பயந்து, சினிமாவில் முகம் வரட்டும் என்று, கரைக்கு ஏறி வந்து கயிற்றைப் பிடித்துவிட்டான் பாவி.

கடலைப் பார்த்தேன். வலையின் மிதப்புகள் அரைவட்டமாக இல்லை. தெற்குப் பக்கம் சரிந்து, ஒரு கோணல் வாய்போலக் கிடந்தன. பெண்கள் ஒரு வருசக் கோபத்தோடு இழுக்கிறார்கள்; டிராக்டருக்குப் பழகிப்போன ஆண்களின் கைகள் சோர்கின்றன. மடி தெற்கே போகிறது. தெற்கே என்ன இருக்கிறது? கல்லுப் பார், கடலுக்கடியில் கிடக்கிற பாறை!

"நிப்பாட்டுங்கோ! தெக்கு நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

"ஆம்பிளையள் உனக்கு என்ன தந்தவங்கள் கிறிஸ்ரி?" மெரினா அக்கா சிரித்தார். "ஏமாத்தாத! இழுங்கடி!"

யாரும் நிறுத்தப் போவதில்லை. நிறுத்தினால் சோறு பரிமாற வேண்டுமே. இன்னும் கொஞ்சம் இழுத்தால் மடி பாரில் மாட்டி, ஊரின் வலை நடுவில் கிழியும்.

வடக்குக் கயிறு எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. கெமரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கடலுக்குள் பாய்ந்தேன்.

"புள்ள, எங்க போறா!" ஹாஜியாரின் குரல் அலைக்குள் அமுங்கியது.

இரண்டு அலையைத் தாண்டி, மூன்றாவதுக்குக் கீழால் போனேன். நீலச் சட்டை உடம்பில் ஒட்டியது. மிதப்பைப் பிடித்து, அதை ஒட்டியே மடிக்கு நீந்தினேன். தலையைத் தண்ணீருக்குள் விட்டால், அம்மாடி! மடி நிறையக் கீரி மீன். வெள்ளி வெள்ளியாகச் சுழலுகிறது. அந்தப் பாரம் முழுக்கப் பாரின் ஒரு கொம்பில் தொங்குகிறது. கண்ணுக்கு முன்னாலேயே ஒரு கண்ணி அறுந்தது. இன்னொன்று.

மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போனேன். காலைக் கல்லில் ஊன்றி, வலையைக் கையால் தூக்கினேன். கழலுகிற மாதிரி வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெற்கு ஒரு இழுவை இழுத்தது. வலை இறுகி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

இழுத்தேன். வரவில்லை. திரும்ப இழுத்தேன். மேலே வெளிச்சம் தெரிகிறது; ஒரு முழம் உயரம்கூட இல்லை. ஆனால் வாய் எட்டவில்லை. நெஞ்சு அடித்தது. மற்றக் கையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டினேன்.

கரையில் நடந்ததைப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். கயிற்றில் நின்ற ஒருவருக்கும் அந்தக் கை தெரியவில்லை. ட்ரோனின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ரிப்கானுக்குத் தெரிந்தது. "அக்கா, கை! கை!" என்று அவன் அலற, அஸ்கா அக்கா ஒலிபெருக்கியில் கத்தினாராம்: "தெக்கு விடுங்க! புள்ள உள்ள மாட்டிட்டு!" மெரினா அக்கா அதுவும் ஏமாற்று என்று நினைத்தாராம். ஆனால் என் அம்மா நினைக்கவில்லை. அம்மா கயிற்றின் மேல் தொப்பென்று இருந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்களின் சட்டையையும் பிடித்து இழுத்து இருத்தினார். வரிசையாக எல்லாரும் மணலில் விழ, கயிறு தளர்ந்தது.

கை விடுபட்டது. மேலே வந்து நான் இழுத்த மூச்சில் பாதி உப்புத் தண்ணீர்.

கரைக்குப் போயிருக்கலாம். ஆனால் மடி இன்னும் கல்லில் கிடந்தது. திரும்ப இறங்கி, இந்தத் தடவை முதுகைக் கொடுத்துத் தூக்கினேன். கழன்றது! மடி என்னையும் தள்ளிக்கொண்டு மிதந்து எழும்பியது.

"வடக்கு இழு!" என்று கத்தினேன். "தெக்கு பொறு! தெக்கு பொறு எண்டுறன்!"

மடியில் இருந்து வருகிற குரலோடு யாரும் வாக்குவாதம் செய்ய மாட்டார்கள். வடக்கு இழுத்தது. மிதப்புகள் நிமிர்ந்தன.

"இப்ப தெக்கு! மெல்ல! வடக்கு, அன்ரன், பல்லை மூடிட்டு இழுடா!"

கரை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு. மணிக்கட்டில் இரத்தம், வாயில் உப்பு, நெஞ்சுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் மீன் துள்ளுகிறது. இரண்டு கயிறும் என் சொல்லைக் கேட்டு வருகின்றன. கெமரா, போஸ்டர், நிலுக்சன், எல்லாம் மறந்துபோனது. தலைக்கு மேலே ட்ரோனின் சத்தம் மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது. ஹாஜியார் நிலுக்சனை எடு என்று சொல்லச் சொல்ல, அஸ்கா அக்கா ரிப்கானின் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடாத, கிறிஸ்ரியிலயே நில்லு," என்று சொல்லிக்கொண்டே நின்றாராம்.

இரண்டு பக்கத்து வலையும் கரை ஏறின. வடக்கு முந்தி, தெற்கு பிந்தி. ஆண்கள் ஆடத் தொடங்கினார்கள். அருளப்பு மாமா கையை உயர்த்தினார்.

"ஆடாதையுங்கோ! மடியை விட்டுட்டுக் கரைக்கு ஓடி வந்தவன் ஆர்? வடக்கான். வலை கிழியப் பாத்தது ஆரால? வடக்கால. சோறு வடக்குக் காய்ச்சட்டும்!"

தெற்கில் எழுந்த கூச்சல் கல்பிட்டி வரைக்கும் கேட்டிருக்கும். மெரினா அக்கா அன்ரனின் படிய வாரின தலையை ரெண்டு கையாலும் கலைத்துவிட்டார். அம்மா தண்ணீருக்குள் ஓடி வந்து என் மணிக்கட்டைத் தன் தலைத் துணியால் சுற்றினார். சுற்றிக்கொண்டே திட்டினார்.

"மூளை இல்லாத பிள்ளை! உனக்கு ஏதும் நடந்திருந்தால்?"

"நீங்கள்தானே கயித்தில இருந்தனீங்கள்."

"இருந்தன்தான். கதைக்காத. கையைக் காட்டு."

குடைக்குக் கீழே ஹாஜியார் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் போய்ப் பார்த்தேன். மேலே இருந்து எடுத்த படம். பச்சைக் கடல். இரண்டு பக்கமும் எறும்பு வரிசைபோலச் சனம். இரண்டு கயிறும் கடலுக்குள் போய் ஒன்று சேருகிற நுனியில் ஒரு சின்ன நீலச் சட்டை. அது கையை நீட்டினால் ஒரு வரிசை நிற்கிறது. மற்றக் கையை நீட்டினால் மற்ற வரிசை ஓடுகிறது.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"ஹாஜியார்," என்றான் நிலுக்சன். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்து, ஆள் மணலில் சாய்ந்து கிடந்தான். "இதைப் பாத்த பிறகும் என்ர முதுகைப் போட்டால், சனம் தியேட்டருக்குக் கல்லெறியும். முதல் கல்லு நான் எறிவன்." எழும்பி, நீலச் சட்டையைக் கழற்றி, மடித்து, ஹாஜியாரின் கதிரையில் வைத்தான். "நான் சோறு காய்ச்சப் போறன். நானும் வடக்குத்தானே."

பெட்டையள் திரும்பவும் சத்தம் போட்டார்கள்.

"கிறிஸ்ரி!" அருளப்பு மாமா தண்ணீர் விளிம்பில் நின்று கத்தினார். "அங்க நிண்டு என்ன விடுப்புப் பாக்கிறாய்? மடியோட வந்த ஆள்தான் அதின்ர முடிச்சை அவிழ்க்கோணும். மீன் சாகுது, வா!"

அஸ்கா அக்கா எனக்கு முன்னால் ஓடினார். "ரிப்கான், கையில கெமரா! முகத்துக்குக் கிட்ட! கிட்ட!"

முடிச்சு நனைந்து கல்லாக இறுகியிருந்தது. துணி சுற்றின கையால் முடியவில்லை. பல்லால் கடித்தேன். ஊர் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. எந்தக் கயிற்றுக்காரர் எங்கே நிற்கிறார் என்று இனிப் பிரிக்க முடியாது. எனக்குப் பின்னால் ஹாஜியாரின் மொபைல் அடித்தது.

"ஆ, சொல்லு... ஓம், எடுத்தாச்சு... மாப்புள, நீ ஹீரோவா ஹீரோயினா எண்டு கேக்கிறத உட்டுட்டுத் தியேட்டர எழுது... பேரா? கிறிஸ்ரி. பேர மட்டும் பெருசா போடு... ஆள் ஆரா? ஏய், ஒண்ட ரெண்டு தரம் கேக்காத! இங்க எனக்கு வேல ஈக்கிது!"

முடிச்சு அவிழ்ந்தது. மீன் என் முழங்கால் வரைக்கும் கொட்டியது. நான் நிமிர்ந்து, கெமராவை நேராகப் பார்த்து, நடிக்க வேண்டும் என்பதே நினைவில்லாமல் கத்திச் சிரித்தேன்.